றஞ்சிதம் தெரிவுசெய்த லொறிகள்

மன்னார் டவுனில் 'டொமினிக் ட்ரான்ஸ்போர்ட்' என்று பலகை தொங்கினாலும் தொழிலை நடத்தியது டொமினிக்கின் மனைவி றஞ்சிதம்தான். டொமினிக்குக் கண்டவர்கள் எல்லாம் நல்லவர்கள். விற்க வந்த லொறி ரயர் எல்லாம் நல்ல ரயர். அந்த நல்லெண்ணத்தோடு அவர் தொடங்கிய லொறித் தொழில் இரண்டாம் வருடமே படுக்கப் பார்த்தது. றஞ்சிதம் வீட்டு முன்னறையில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும் போட்டு உட்கார்ந்து, "இனி ஆர் வந்தாலும் என்னோடை கதைக்கட்டும்" என்றாள். அது நடந்து பதினான்கு வருடம்.

அவளோடு கதைக்க வந்தவர்களில் பாதிப்பேர் இரண்டாம் முறை வரவில்லை. ரயர்க்காரனிடம், "உந்த ரயரிலை உம்மடை பிள்ளையை ஏத்தி அனுப்புவீரோ?" என்று கேட்பாள். காப்புறுதிக்காரன் சிரித்துக்கொண்டு வந்தால், "பல்லைக் காட்டாமல் கடதாசியைக் காட்டும்" என்பாள். ஒருவன் ஒரு பொருளைப் புகழத் தொடங்கினால் போதும், அது பழுதென்று அவளுக்கு உறுதியாகிவிடும். இந்த ஒரு கொள்கையை வைத்துத்தான் தொழிலைத் தூக்கி நிறுத்தியதாக அவள் நம்பினாள். அதில் ஓரளவு உண்மையும் இருந்தது.

அவள் முழுமையாக நம்பிய ஒரே மனிதன் செபமாலை. பேசாலையிலிருந்து வரும் மூத்த சாரதி. ஐம்பது வயது, மெலிந்த உடம்பு, எந்த நேரமும் எதையோ துப்பப் போகிறவனைப் போன்ற வாய். எதையும் நல்லதென்று அவன் சொல்லி யாரும் கேட்டதில்லை. காலையில் சாவி வாங்க வந்தால், அன்று பேக்கரியில் வாங்கிய பாணிலிருந்து பாலத்தடிப் பொலிஸ்காரன் வரைக்கும் இருவருமாகத் திட்டித் தீர்த்த பிறகுதான் லொறி படலையைத் தாண்டும். டொமினிக் உள்ளேயிருந்து, "காலமை வெள்ளனவே துடங்கியிட்டியளோ" என்று சிரிப்பார். யாரும் அவருக்குப் பதில் சொல்வதில்லை.

அவர்களிடமிருந்தவை மூன்று லொறிகள். மூன்றும் ஆறு சக்கரம், அவர்கள் பேச்சில் ஆறு சில்லு. ஒன்று முருங்கன் பக்கம் நெல் ஏற்றியது. மற்ற இரண்டும் மன்னார்த் தீவின் தென்கரையிலிருந்த தனியார் உப்பளத்திலிருந்து உப்பு ஏற்றின. உப்பு ஏற்றும் லொறி நோயாளி மாதிரி. உள்ளேயிருந்து தின்னப்பட்டுக்கொண்டே ஓடும். நாட்டில் வாகன இறக்குமதி நின்றிருந்த வருடங்களில் அவற்றை ஒட்டி ஒட்டியே ஓட்டினார்கள். கடைசியில் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட இடமில்லாமல் போயிற்று. பெட்டியின் அடித்தகட்டில் இருந்த ஓட்டை வழியாகத் தெருவைப் பார்க்கலாம். இறக்குமதி திறந்து, வங்கியும் தலையாட்டியதும், அந்த இரண்டையும் கழித்துவிட்டு இரண்டு புது லொறி எடுப்பதென்று றஞ்சிதம் முடிவெடுத்தாள்.

செய்தி அடுத்த நாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. வாழ்நாளில் ஒரு தள்ளுவண்டிகூட வாங்காதவர்கள் எல்லாம் வந்து புத்தி சொன்னார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால் மாதா கோயில் வாசலில் ஒருவர் குதிரைவலுவைப் பற்றிக் கதைத்தார். சந்தையில் மீன் வெட்டுகிறவர் கத்தியை நிறுத்திவிட்டு, இந்தியத் தயாரிப்பா சீனத் தயாரிப்பா என்று விசாரித்தார். "மீனை வெட்டுங்கோ அண்ணை, அது ரெண்டு நாளா உங்களைப் பாத்துக்கொண்டு கிடக்குது" என்றாள் றஞ்சிதம்.

முதலில் அவள் போனது டவுனுக்குள்ளேயே உப்புக்குளம் என்ற பகுதியிலிருந்த பக்கீரிடம். பக்கீர் பாவித்த லொறிகளை வாங்கித் திருத்தி விற்பவர். வளவுக்குள் யப்பான் தயாரிப்பில் ஒரு ஆறு சில்லு நின்றது. அதன் நிழலில், மன்னார்த் தெருவெல்லாம் திரியும் கழுதைகளில் இரண்டு படுத்திருந்தன. பக்கீர் கழுதைகளை எழுப்பிவிட்டு லொறியைத் தடவினார்.

"அல்ஹம்துலில்லா, இது தங்கமான சாமான் அக்கா. உப்புக்கெண்டே செஞ்ச மாதிரி. அடிச் சட்டத்தைப் பாருங்கோ, பின்னுக்கு மட்டும் ஒரு இடத்திலை…"

"அவ்வளவு தங்கமெண்டா ஏன் பக்கீர் விக்கிறீர்? வச்சு ஓடலாமே."

"நான் ஓடப் போனா விக்கிறது ஆர் அக்கா? கேளுங்கோவன், பின்னுக்கு ஒரு இடத்திலை…"

"தங்கத்திலை கழுதை படுக்க விடுவினமோ?" என்று சொல்லிவிட்டு றஞ்சிதம் வெளியே வந்துவிட்டாள். கூட வந்த செபமாலை லொறியின் சில்லில் ஒரு உதை உதைத்து, "உதைவிட அந்தக் கழுதையளை வாங்கலாம்" என்றான். வழி நெடுக அவள் அதை நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

அடுத்தது வவுனியாவில் ஒரு புது லொறிக் காட்சியறை; டொமினிக்கும் செபமாலையும் கூடப் போனார்கள். கண்ணாடிச் சுவர், குளிரூட்டி, கால் வைத்தால் வழுக்கும் தரை. நடுவில் ஒரு பத்துச் சில்லு, பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் நிற்பதைப் போல அலங்காரமாக நின்றது. கழுத்துப்பட்டி கட்டிய துஷாந்தன் என்ற இளைஞன் ஓடிவந்து டொமினிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினான். இருபத்தேழு வயதிருக்கும். சப்பாத்தில் முகம் பார்க்கலாம்.

"சேர், இதுதான் இப்ப நாட்டிலையே நம்பர் வண்."

"நல்ல லொறி" என்றார் டொமினிக்.

"நம்பர் வண் எண்டா ஏன் தம்பி இன்னும் இஞ்சை நிக்குது?" என்று றஞ்சிதம் கேட்டாள்.

துஷாந்தன் அப்போதுதான் அவளைப் பார்த்தான். சிரித்து, அவள் பக்கம் திரும்பி, எஞ்சினைப் பற்றியும் உத்தரவாதத்தைப் பற்றியும் சொல்லத் தொடங்கினான். சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்கியது. அரை மணித்தியாலம் கழித்து அவன் நெற்றியில், அந்தக் குளிரிலும், வியர்வை இருந்தது. செபமாலை லொறியைச் சுற்றி வந்து, "தகரம்" என்று ஒரு சொல் சொன்னான். றஞ்சிதத்தின் முகம் அந்த ஒரு சொல்லுக்குத்தான் தெளிந்தது. துஷாந்தன் அதைக் கவனித்தான். படித்த படிப்பு எதுவாக இருந்தாலும், பார்க்கத் தெரிந்த பெடியன்.

அதற்குப் பிறகு றஞ்சிதம் செபமாலையைத் தனியாக அனுப்பினாள். வவுனியாவிலும் அனுராதபுரத்திலும் மூன்று கொம்பனிகளின் லொறிகளை ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள். நான்கு நாள் கழித்து அவன் வந்து கதிரையில் இருந்தான்.

"முதலாவது லொறியே இல்லை அக்கா. பெரிய பிஸ்கட் ரின். பிறேக் அடிச்சா லொறி நிக்குது, பெட்டி போகுது."

"ரெண்டாவது?"

"எஞ்சின் பறவாயில்லை. ஆனா ஒரு ஆணி உடைஞ்சா அடுத்த கப்பல் வருமட்டும் றோட்டிலை படுக்கோணும்."

"அந்த நம்பர் வண்?"

செபமாலை வாயைக் கோணினான். "அதுவும் குப்பைதான். சீற் பலகை மாதிரி. கண்ணாடி சின்னன். கோண் அடிச்சா ஆட்டுக்குட்டி கத்துது. விக்கிற பெடியன் ஒரு அலட்டல். எஞ்சினிலை மட்டும் பிழை பிடிக்கலாமெண்டு ரெண்டு நாள் பாத்தன். ஏலாமல் போச்சு."

றஞ்சிதம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். செபமாலைக்குப் பிழை பிடிக்க ஏலாமல் போன எஞ்சின் ஒன்று உலகத்தில் இருக்கிறதா? புகழ்ச்சியை எப்படித் தட்டிவிடுவதென்று அவளுக்குத் தெரியும். இது புகழ்ச்சி இல்லை. இதைத் தட்டிவிட அவளுக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

"உப்பள வரம்பிலை ஏறுமோ?"

"ஏத்திறவன் ஏத்தினா ஏறும்."

மேசையடியில் நின்ற டொமினிக், "பத்துச் சில்லு நீளம் கூடவெல்லோ? வரம்பு முடக்கிலை திரும்புமோ?" என்றார்.

"நீங்கள் போய்ச் சாப்பிடுங்கோ" என்றாள் றஞ்சிதம்.

அந்த 'நம்பர் வண்' பத்துச் சில்லு இரண்டும் ஆவணியில் வந்தன. பங்குச் சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். டொமினிக் சட்டைக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தெருவில் போன எல்லாருக்கும் காட்டினார். றஞ்சிதம் மட்டும் வண்ணம் மங்கல், படி உயரம், பூட்டு இறுக்கம் என்று குறை சொல்லிக்கொண்டே வீட்டுக்கும் வாசலுக்கும் ஆறு தரம் நடந்தாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு, அவள் சந்தோசமாக இருக்கிறாள் என்று விளங்கியது. துஷாந்தன் கேக் ஒன்று கொண்டுவந்தான். அதிலும் சீனி கூடிப்போயிற்று என்றாள்.

முதல் சுமை ஏற்றுகிற நாள் அவள் ஸ்கூட்டரில் உப்பளத்துக்குப் போனாள். உப்பளத்தில் குவியல்கள் உள்ளே கிடக்கும். பாத்திகளுக்கு நடுவே போகும் மண் வரம்பில் லொறி பின்பக்கமாகவே போய், ஒரு முடக்கில் திரும்பி, குவியலடியில் நிற்க வேண்டும். பழைய ஆறு சில்லுகள் பதினான்கு வருடமாகச் செய்த வேலை அது. செபமாலை புது லொறியைப் பின்னால் விட்டான். முடக்கு வரைக்கும் வந்தது. முடக்கில் முன்பக்கம் ஒரு வரம்பிலும் பின்பக்கம் இன்னொன்றிலும் நின்றது. அவன் முன்னும் பின்னுமாக ஐந்தாறு தரம் எடுத்துப் பார்த்தான். ஏழாம் தரம் வரம்பின் ஓரம் கேக் துண்டு போலக் கழன்று விழுந்தது. ஒரு பக்கத்துப் பின் சில்லுகள் நான்கும் உப்புத் தண்ணீருக்குள் மெல்ல இறங்கின. லொறி அந்தப் பக்கம் சாய்ந்து, யோசிப்பதைப் போல நின்றுவிட்டது.

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி, "புது மாப்பிள்ளை குளிக்க இறங்கிட்டார்" என்றாள். இரண்டு உழவுமெசின்கள் சேர்ந்து இழுத்து, வெயில் தாழ்கிற நேரத்தில் லொறியை வெளியே எடுத்தன. உப்பளத்து மனேச்சர் உடைந்த வரம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கலங்கிய பாத்தியில் இரண்டு கிழமை விளைச்சல் போயிருந்தது.

"அக்கா, கோவிக்காதேங்கோ. இந்த யானையை இனி உள்ளுக்கு விடேலாது. றோட்டிலை நிப்பாட்டுங்கோ. உப்பை உழவுமெசினிலை கொண்டுவந்து ஏத்துங்கோ."

"லொறியிலை என்ன பிழை? உம்மடை வரம்பு பிட்டு மாதிரி இருக்குது" என்றாள் றஞ்சிதம். அன்று அவள் வரம்பைத் திட்டினாள். உழவுமெசின்காரனைத் திட்டினாள். சிரித்த பெண்களைத் திட்டினாள். வீட்டுக்கு வந்து, வாய் திறக்காமல் சோறு தின்றுகொண்டிருந்த டொமினிக்கை, அவர் மனதுக்குள் என்ன நினைக்கிறார் என்பதற்காகத் திட்டினாள். செபமாலையை மட்டும் ஒரு சொல் சொல்லவில்லை. அவன் லொறியைக் கழுவிக்கொண்டு நின்றான்.

உப்பை இரண்டு தரம் ஏற்றி இறக்குவதால் வேலையும் கூலியும் இரட்டித்தது. ஒரு மாதத்துக்குள் மனேச்சர் பாதிச் சுமையை, பழைய ஆறு சில்லு வைத்திருந்த பக்கத்துத் தாராபுரத்துக்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார். றஞ்சிதத்தின் இரண்டு புது லொறிகளும் ஒருநாள் விட்டு ஒருநாள் வாசலில் நின்றன. கழுதைகளுக்கு நல்ல நிழல்.

ஐப்பசியில் செபமாலைக்குக் காய்ச்சல். மூன்று நாளாக வரவில்லை. றஞ்சிதம் நான்கு தோடம்பழமும் ஒரு பால்மா ரின்னும் வாங்கிக்கொண்டு பேசாலைக்குப் போனாள். அவன் உள்ளறையில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். மனைவி மெற்றில்டா கதிரையைத் துடைத்துப் போட்டு, ஓடிப்போய் ஒரு கிளாசில் தேசிக்காய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கிளாசின் வெளிப்பக்கம் வியர்த்திருந்தது.

றஞ்சிதம் ஒரு மிடறு குடித்துவிட்டு, குசினி வாசலுக்குள் பார்த்தாள். அவளுடைய வீட்டில் இருந்ததைவிடப் பெரிய பிரிட்ஜ் ஒன்று, மூலையில் ஒட்டியிருந்த கொம்பனி ஸ்ரிக்கர்கூடக் கழற்றாமல், குசினியை அடைத்துக்கொண்டு நின்றது.

"பிரிட்ஜ் எப்ப எடுத்தனீங்கள், பிள்ளை?"

"நீங்கள் லொறி எடுத்த மாதம்தான் அக்கா. துஷாந்தன் தம்பிதான் வானிலை ஏத்தி அனுப்பினவர். லொறி ரெண்டையும் தெரிஞ்செடுத்துக் குடுத்ததுக்குக் கொம்பனி குடுக்கிற பரிசாம்." மெற்றில்டா சிரித்தாள். "உங்களுக்கும் ஒண்டு வந்திருக்குமே. அது இதைவிடப் பெரிசாயிருக்கும்."

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. செபமாலை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

றஞ்சிதம் கிளாசை முழுவதும் குடித்து முடித்தாள். "நல்ல குளிர்" என்று சொல்லி, தோடம்பழப் பையை மேசையில் வைத்துவிட்டு எழும்பினாள்.

வீட்டுக்கு வந்து துஷாந்தனுக்குத் தொலைபேசி எடுத்தாள். அவன் பதறவில்லை. "மெடம், நான் உங்களுக்கு ஒரு பொய்யும் சொல்லேல்லையே. எஞ்சினிலை ஏதும் பிழை இருக்கோ?" என்று பணிவாகக் கேட்டான். எஞ்சினில் பிழை இல்லை. அவள் தொலைபேசியை வைத்தாள்.

நான்கு நாள் கழித்து செபமாலை வந்தான். முகம் ஒட்டியிருந்தது. கதிரையில் இருக்கவில்லை.

"பிரிட்ஜ் வேணுமெண்டா என்னட்டைக் கேட்டிருக்கலாம்" என்றாள்.

"கேட்டனான் அக்கா. போன வருசம், கடனாக் கேட்டனான். 'கடலுக்குப் பக்கத்திலை இருந்துகொண்டு பிரிட்ஜிலை என்ன மீனையோ வைக்கப்போறாய், கடலிலையே கிடக்கட்டுமே' எண்டனீங்கள்."

அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்று அது நல்ல பகிடியாக இருந்தது. செபமாலையும் சிரித்ததாகத்தான் நினைத்திருந்தாள்.

"வரம்பிலை ஏறாதெண்டு உனக்குத் தெரியுமோ, தெரியாதோ?"

"தெரியும். ஏத்தத் தொடங்க முந்தி வரம்பை அகட்டுவினம் எண்டு நினைச்சன்."

"ஆர் அகட்டுறது?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அந்தப் பெடியன் என்னை நல்லதெண்டு சொல்லச் சொல்லேல்லை அக்கா. 'அண்ணை, எல்லாத்தையும் திட்டுங்கோ, என்ரையையும் திட்டுங்கோ, எஞ்சினை மட்டும் விட்டிடுங்கோ' எண்டவன். நல்லதெண்டு சொன்னா நீங்கள் நம்பமாட்டீங்கள். திட்டினாத்தான் நம்புவீங்கள். ஒரு நாள் உங்களைப் பாத்தவன், அவனுக்கு விளங்கிட்டுது."

முகத்தில் அடித்தது போலிருந்தது அவளுக்கு. களவெடுத்ததைக்கூட அவள் தாங்கியிருப்பாள். பதினான்கு வருடமாக மேசைக்கு முன்னால் வந்தவனையெல்லாம் எடை போட்டுத் திருப்பி அனுப்பியவளை, சப்பாத்து மினுக்கிய ஒரு பெடியன் அரை மணித்தியாலத்தில் எடை போட்டுவிட்டுப் போயிருக்கிறான். அவளிடம் விற்பதற்கு அவனுக்கு அவளுடைய வாயே போதுமாக இருந்திருக்கிறது.

டொமினிக் கதவடியில் வந்து நின்று, "பாவம், விடு" என்றார்.

"வேலையிலை நிண்டுகொள்" என்றாள் றஞ்சிதம் செபமாலையிடம். "வேறை றைவரைப் பிடிச்சா அவனுக்கும் ஒரு பிரிட்ஜ் தேவைப்படும். உனக்கு ஏற்கனவே ஒண்டு இருக்கு. ஆனா நீ தெரிஞ்செடுத்ததை நீதான் ஓடோணும். அந்தப் பலகைச் சீற்றிலை இருந்து கொழும்புக்குப் போய் வா."

அவன் சாவியை எடுத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் காலையில் யாரும் யாரையும் திட்டவில்லை. "ஓம் அக்கா", "வாறன் அக்கா". அவ்வளவுதான். பாண் பழசாயிருந்த நாளில்கூட அவன் வாய் திறக்கவில்லை. றஞ்சிதம் தனியாகத் திட்டிப் பார்த்தாள். அது கோயிலில் ஒற்றை ஆள் பாட்டுப் பாடுவதைப் போலிருந்தது.

ஒரு லொறியை விற்றுவிட முடிவெடுத்தாள். வங்கியோடு கதைத்து ஒழுங்கு செய்த பிறகு, செட்டிகுளத்தில் கல்லுடைக்கும் ஆலை வைத்திருக்கும் செல்வநாயகம் என்பவர் பார்க்க வந்தார். வெள்ளை வேட்டி, பட்டுப்போன்ற பேச்சு. அவளுக்குப் புகழ வராது. தெரிந்ததைச் சொன்னாள்.

"சீற் பலகை. கண்ணாடி சின்னன். மண் வரம்பிலை விட்டா இறங்கும். உப்புத் தண்ணியிலை நாலு சில்லு கிடந்தது, கழுவினதுதான், எண்டாலும் கிடந்தது. கோண் கேக்கச் சகிக்காது."

செல்வநாயகம் ஒவ்வொரு குறைக்கும் தலையாட்டினார். ஆட்ட ஆட்ட முகம் மலர்ந்தது. "விக்கிறவை ஒருத்தரும் இப்பிடி உண்மை சொல்லமாட்டினம். எனக்கு இதுதான் வேணும்" என்று சொல்லி, பெட்டியைக்கூட ஏறிப் பார்க்காமல் அன்றைக்கே முடித்துவிட்டார்.

அவர் போன பிறகு, இப்படியும் ஒரு மடையன் இருப்பானா என்று றஞ்சிதம் வாய்விட்டே சொன்னாள். சொல்லி முடித்ததும் அவளுக்கு வேறொரு முகம் ஞாபகம் வந்தது. அது கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம். எழும்பிப் போய், காய்ந்திருந்த உடுப்புகளைத் தேவையில்லாமல் இன்னொரு தரம் மடித்தாள்.

அடுத்த கிழமை உப்புக்குளத்துக்குப் போனாள். தனியாக. அந்த யப்பான் ஆறு சில்லு இன்னும் அங்கேயே நின்றது. பக்கீர், "தங்கமான சாமான்" என்று தொடங்கினார். அவள் ஒரு சாக்கை விரித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைவிளக்கோடு லொறிக்குக் கீழே போய்ப் படுத்தாள். பக்கீர் என்ன செய்வதென்று தெரியாமல், தானும் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். முக்கால் மணித்தியாலம். வெளியே வந்தபோது அவளுடைய ஒரு கன்னத்தில் கிறீஸ்.

"பின் குறுக்குச் சட்டத்திலை ஒரு ஒட்டு இருக்குது பக்கீர்."

"அதைத்தானே அக்கா அண்டைக்குச் சொல்ல வெளிக்கிட்டனான். பின்னுக்கு மட்டும் ஒரு இடத்திலை ஒட்டு எண்டு. நீங்கள் கழுதையைப் பற்றிக் கதைச்சிட்டுப் போயிட்டீங்கள்."

றஞ்சிதம் கன்னத்தைத் துடைத்தாள். அந்த மனிதர் அன்று பழுதைச் சொல்லத்தான் வாயெடுத்திருக்கிறார். தங்கம் என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் அவளுடைய காது மூடிக்கொண்டுவிட்டது. அவள் அந்த லொறியை எடுத்தாள். புது லொறி வேண்டுமென்று வருடக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் ஒட்டுப் போட்ட ஒரு பழைய லொறி. மாரி முடிந்து உப்பு விளையத் தொடங்கியதும் அது வரம்பில் பின்னால் போய், முடக்கில் திரும்பி, ஏற்றிக்கொண்டு வந்தது. மனேச்சர் பாதிச் சுமையில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். முழுவதையும் கொடுக்கவில்லை. கையிலிருந்த மற்றப் பத்துச் சில்லு நெல்லுக்கும் கொழும்புப் பாதைக்கும் நன்றாகவே ஓடியது. அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

மாசி மாதம் ஒருநாள் செபமாலை வந்து மேசைக்கு முன்னால் நின்றான். செல்வநாயகம் தன்னுடைய ஆலைக்கு ஒரு சாரதி தேடுகிறாராம். அந்த லொறியைத் தெரிந்த ஆளாக வேண்டுமாம். சம்பளம் கூடுதலாம். தங்க இடமும் உண்டு.

"போகப்போறியோ?"

"ஓம் அக்கா. மெற்றில்டாவும் சம்மதிச்சிட்டா." தயங்கினான். "அந்த ஐயா ஒரு கடிதம் கேக்கிறார். முந்தி வேலை செய்த இடத்திலையிருந்து. ஆள் எப்பிடியெண்டு."

றஞ்சிதம் அவனையே பார்த்தாள். பிறகு மேசை லாச்சியைத் திறந்து கடிதத்தாள் ஒன்றை எடுத்து, பேனையின் மூடியைக் கழற்றினாள். ஒரு மனிதனைப் பற்றி நல்லதாக எழுதி அவளுக்குப் பழக்கமில்லை. நெடுநேரம் வெறும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே டொமினிக் வானொலியில் மரண அறிவித்தல் கேட்டுக்கொண்டிருந்தார். அது முடிந்து பாட்டுத் தொடங்கிய பிறகுதான் எழுத ஆரம்பித்தாள்.

'செபமாலை என்பவர் எம்மிடம் பதினான்கு வருடம் லொறி ஓடினார். இவர் டீசல் களவெடுத்ததில்லை. குடித்துவிட்டு ஓடியதில்லை. ஒரே ஒரு தடவை தவிர லொறியை எங்கும் புதைத்ததில்லை. றோட்டில் இவரை நம்பலாம். லொறி வாங்கும்போது மட்டும் இவரிடம் ஆலோசனை கேட்க வேண்டாம்.'

கையொப்பமிட்டு, டொமினிக் ட்ரான்ஸ்போர்ட் முத்திரையைக் குத்தி, அவன் பக்கம் தள்ளினாள். செபமாலை எழுத்துக்கூட்டி வாசித்தான். கடைசி வரியில் அவனுடைய வாய் கோணியது. சிரிப்போ வேறெதுவோ, அவளால் தீர்மானிக்க முடியவில்லை. பதினான்கு வருடமாக 'அவன்', 'நீ' என்று அழைத்தவனை முதல் தடவையாக 'இவர்' என்று எழுதியிருப்பது அவளுக்கே அப்போதுதான் கண்ணில் பட்டது.

"இவ்வளவும் போதுமோ?"

"காணும் அக்கா."

அவன் தாளை நான்காக மடித்துச் சேர்ட் பையில் வைத்தான்.